மலையேறி வந்த மைதா

நடுவர் ஐயா அவர்களே, எதிரணித் தம்பி தங்கைகளே, இந்தக் குளிரிலும் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும், கொடைக்கானலுக்கும் மேலே உள்ள நம் பூம்பாறைப் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

'துரித உணவு வசதியா, கேடா?' என்பது தலைப்பு. கேடுதான் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய தம்பி கைதட்டலை நன்றாக வாங்கிக்கொண்டார். ஆசைக்குச் சாப்பிட்டால் என்ன குடியா முழுகிவிடும் என்றார். கோபி மஞ்சூரியனில் இருப்பது காலிஃபிளவர், அது காய்கறிதானே என்றார். தோட்டத்தில் உழைக்கிற உடம்புக்கு எதுவும் செரிக்கும் என்றார். கடைசியாக, இந்தக் கடைகளை நம்பிப் பிள்ளைகள் பிழைக்கிறார்கள் என்றார்.

முதலில் ஆசை. திருவிழாவுக்கு ஒரு நாள் சாப்பிடுகிறவரோடு எனக்குச் சண்டையே இல்லை. பள்ளிக்கூடம் விட்டதும் நூடுல்ஸ், ராத்திரிக்குப் பொட்டலத்தில் ஃபிரைட் ரைஸ், கொடைக்கானல் போனால் பர்கரும் கோலாவும் என்று வாரம் முழுக்க ஓடுகிறதே, அதைத்தான் கேட்கிறேன். இதில் ஆசை எங்கே இருக்கிறது? அதுவே சாப்பாடு ஆகிவிட்டது.

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஒரு சோதனை செய்து 2019இல் வெளியிட்டார்கள். 20 பேரை அங்கேயே தங்க வைத்து, இரண்டு வாரம் ஆலையில் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவு கொடுத்தார்கள். பரிமாறியதில் கலோரி, கொழுப்பு, சர்க்கரை, உப்பு எல்லாம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வேண்டுமளவு சாப்பிடலாம். பதப்படுத்திய உணவைத் தின்ற வாரங்களில் ஒவ்வொருவரும் நாளொன்றுக்குச் சராசரியாக 500 கலோரி அதிகம் சாப்பிட்டார்கள். ஆறேழு இட்லிக்குச் சமம் அது. எடையும் கிட்டத்தட்ட ஒரு கிலோ ஏறியது. அந்த உணவை அவர்கள் வேகமாகவும் சாப்பிட்டார்கள். மென்மையாக இருக்கிறது, மெல்ல வேண்டியதில்லை, வயிறு நிறைந்தது தெரிவதற்குள் தட்டு காலி. நொறுங்கத் தின்றால் நூறு வயது என்று நம் பாட்டிகள் சும்மாவா சொன்னார்கள்?

அடுத்து காலிஃபிளவர். ஐயா, அந்தப் பூ நல்ல பூதான். ஆனால் அதை மைதாவிலும் சோளமாவிலும் முக்கி, கொதிக்கும் எண்ணெயில் போட்டு, சாஸில் புரட்டிய பிறகு தட்டில் மிச்சம் இருப்பது எவ்வளவு பூ, எவ்வளவு மாவு? திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெய் கெட்டுப்போகும் என்பதால்தான், அதில் சேரும் கழிவுச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2018 முதல் இந்தியாவில் விதி இருக்கிறது. ராத்திரி எட்டு மணிக்கு நம் வாணலியில் அதை யார் அளக்கிறார்கள்? நிறம் இன்னொரு கதை. துணிக்குப் போடும் ரோடமின்-பி சாயம் இருந்ததால் 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாயையே தமிழ்நாடு அரசு தடை செய்தது. கண்ணைப் பறிக்கும் சிவப்பைக் கண்டால் கொஞ்சம் யோசியுங்கள், அவ்வளவுதான்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். உழைக்கிற உடம்புக்குச் செரிக்கும் என்றாரே தம்பி, அங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. செரிக்கும், மறுக்கவில்லை. மண்வெட்டி பிடித்தால் கொழுப்பும் கொஞ்சம் கரையும். அதற்காக உப்பு சும்மா இருந்துவிடுமா? ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் உப்பை நிறுத்துங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு சின்ன பாக்கெட் நூடுல்ஸிலேயே அதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. மேலே சாஸ், தொட்டுக்கொள்ள சிப்ஸ், அப்புறம் வீட்டுக் குழம்பு, ஊறுகாய். உப்பு ஏற ஏற ரத்தக்கொதிப்பு ஏறுகிறது. அது வலிக்காது, மயக்கம் கூட வராமல் வருஷக்கணக்கில் உள்ளே இருக்கும். ஒரு நாள் காலையில் வாய் கோணி, கை தூக்க முடியாமல் போகும்போதுதான் வீட்டில் தெரிகிறது.

அப்போது நாம் எங்கே இருக்கிறோம்? பூம்பாறையில்! இப்படிப் பக்கவாதம் வந்தால், மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். இங்கிருந்து கொடைக்கானல் போய், காட் ரோட்டில் இறங்கி, வத்தலக்குண்டு தாண்டி மதுரைக்குப் போய்ச் சேர நான்கு மணி நேரமாவது ஆகாதா? மழையில் ஒரு மரம் விழுந்தால்? மதுரைக்காரர் செய்யும் அதே தவறுக்கு மலைக்காரர் கொடுக்கும் விலை அதிகம் ஐயா. வராமல் காப்பதைத் தவிர நமக்கு வேறு நல்ல வழி கிடையாது.

சர்க்கரை நோயும் இப்படித்தான் சத்தமில்லாமல் வருகிறது. 2023இல் வெளியான ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. எல்லாப் பழியையும் துரித உணவின் தலையில் போட மாட்டேன். பரம்பரை உண்டு, உட்கார்ந்தே இருப்பது உண்டு. ஆனால் 300 மில்லி கோலாவில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறதே, அதைப் பத்து வயதுப் பிள்ளை கையில் கொடுத்தது பரம்பரையா?

எனக்கு ஆற்றாமையாக இருப்பது எது தெரியுமா? இந்த ஊரிலிருந்து காரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு எல்லாம் மூட்டை மூட்டையாகக் கீழே இறங்குகின்றன. மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடே கிடைத்தது. ஊரார் பிள்ளைகள் இதைச் சாப்பிட, விளைவித்தவர் பிள்ளை மேலே ஏறிவரும் சிப்ஸ் பாக்கெட்டுக்குக் காத்து நிற்கிறது.

சரி, கடைக்காரர் பிழைப்பு. அதை நான் மதிக்கிறேன், கடையை மூடச் சொல்லவில்லை. பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்று 2020லேயே உணவுப் பாதுகாப்பு விதி வந்துவிட்டது. அந்த இடத்தில் அதே தம்பிகள் பட்டாணிச் சுண்டலும், அவித்த சோளக்கதிரும், வேர்க்கடலையும் சுடச்சுட விற்கட்டும். குளிரில் நிற்கும் பிள்ளை வாங்காமலா போகும்? நடுவர் ஐயா, தீர்ப்பு எதுவாக இருந்தாலும், அந்த 50 மீட்டரை அளந்து கோடு போடும் வேலையை இந்த மேடையிலேயே ஊர்ப் பெரியவர்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போங்கள் என்று கேட்டுக்கொண்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.