ஆபரேஷனில் 450 மில்லி ரத்தம் போனது என்று எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்?

அடுத்த கேள்வி ஒரு சகோதரியிடமிருந்து. அவர் அம்மாவுக்குக் கர்ப்பப்பை எடுக்கும் ஆபரேஷன் நடந்திருக்கிறது. 2 யூனிட் ரத்தம் ஏற்பாடு செய்யச் சொல்லிவிட்டு ஒன்றைக்கூட ஏற்றவில்லையாம். குறிப்பில் "ரத்த இழப்பு 450 மில்லி" என்று இருக்கிறது. 11 இருந்த ஹீமோகுளோபின் மறுநாள் 9.4. "யார் அளந்தார்கள்? ஏன் ஏற்றவில்லை?" என்று கேட்கிறார்.

நியாயமான கேள்விம்மா. நான் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர், இந்தக் கணக்கு தினமும் எங்கள் வேலை.

முதலில் சக்‌ஷன் பாட்டிலைப் பார்ப்போம், ஆபரேஷன் நடக்கும் இடத்திலிருந்து குழாய் உறிஞ்சும் ரத்தம் சேரும் பாட்டில் அது. அதில் மில்லி கோடு போட்டிருக்கும். ஆனால் உள்ளே இருப்பது எல்லாம் ரத்தம் இல்லை, வயிற்றைக் கழுவிய சலைனும் கலந்திருக்கும். பாட்டிலில் 900 இருந்து, கழுவ ஊற்றியது 800 என்றால் ரத்தம் சுமார் 100தான். அப்புறம் மாப், அதாவது ரத்தத்தை ஒற்றி எடுக்கும் துணி. அதை எடை போட வேண்டும். காய்ந்த மாப் ஒன்று 25 கிராம் என்று வையுங்கள், 10 மாப் 250 கிராம். நனைந்த பிறகு 600 கிராம் இருந்தால், கூடின 350 கிராமை 350 மில்லி ரத்தம் என்று எடுத்துக்கொள்வோம். ஆக மொத்தம் 450. மாப்பைச் சலைனில் நனைத்துப் பிழிந்து கொடுத்திருந்தால் அந்த எடையையும் கழிக்க வேண்டும். விரிப்பிலும் தரையிலும் சிந்தியதை மட்டும் கண்ணால்தான் மதிப்பிட முடியும்.

கண்ணை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஒரு ராத்திரி சிசேரியனில் நான் உட்பட எல்லோரும் "ஒரு 600 இருக்கும்" என்றோம். சிஸ்டர் ஒருவர் விடாமல் எல்லா மாப்பையும் தராசில் வைத்தார். 1100க்கு மேல் வந்தது. அன்றிலிருந்து எடை போடாமல் நான் எண் எழுதுவதில்லை. ரத்தம் அதிகம் போகப் போக, கண் குறைத்தே சொல்லும்.

சரி, 450 போயும் ஏன் ஏற்றவில்லை? அது யார் உடம்பிலிருந்து போனது என்று பார்க்க வேண்டும். பெண்களுக்குக் கிலோவுக்குச் சுமார் 65 மில்லி ரத்தம். அம்மா 50 கிலோ என்றால் 3,250 மில்லி. ஹீமோகுளோபின் 11லிருந்து 8 வரை இறங்கலாம் என்று வைத்தால், 3,250ஐ 3ஆல் பெருக்கி 11ஆல் வகுக்கிறோம். கிட்டத்தட்ட 880 மில்லி வரை சலைன் வைத்தே சமாளிக்கலாம். அம்மாவுக்குப் போனது அதில் பாதி.

ஆபரேஷன் நடுவில் ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். மோர்ப் பானையிலிருந்து இரண்டு கரண்டி எடுத்தால் மிச்சமிருக்கும் மோர் நீர்த்துப்போவதில்லை, தண்ணீர் விட்டால்தான் நீர்க்கும். அதே மாதிரி, சலைன் உள்ளே போன பிறகுதான் அந்த எண் இறங்கும். அதனால் நாடித்துடிப்பு, பிரஷர், சிறுநீர் அளவு எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்கிறோம். ரத்தம் வேகமாகக் கொட்டும்போது கணக்கு முடியட்டும் என்று காத்திருக்கவும் மாட்டோம், உடனே ஏற்றிவிடுவோம்.

முன்பெல்லாம் 10க்குக் கீழே போனாலே ஏற்றினார்கள். 1999இல் கனடாவில் ஐசியூ நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், 7க்குக் கீழே போனால் மட்டும் ரத்தம் ஏற்றப்பட்டவர்கள் மற்றவர்களைவிட மோசமாகவில்லை என்று தெரிந்தது. இதய நோய் இருந்தால் 8 அளவிலேயே யோசிப்போம். ரத்தம் உயிர் காக்கும், ஆனால் ஒவ்வாமை, நுரையீரலில் நீர் சேர்வது போன்ற ஆபத்துகளும் அதில் உண்டு. தேவையில்லாமல் ஒரு யூனிட்கூட ஏற்றக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன்.

நீங்கள் ஏற்பாடு செய்த 2 யூனிட் ரத்த வங்கியை விட்டு வெளியே வரவில்லை என்றால் அது வேறொருவருக்குப் பயன்படும். அம்மாவுக்கு டாக்டர் எழுதிய இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தாமல் கொடுங்கள். மூச்சு வாங்கினாலோ, எழுந்தால் தலை சுற்றினாலோ, ரத்தப்போக்கு அதிகமானாலோ அன்றைக்கே அழைத்துப் போய்க் காட்டுங்கள்.