ஏழு எம்மி, நடிகருக்கு ஒண்ணுகூட இல்ல: 'லோன்சம் டவ்' உருவான கதை

[திரையில்: புழுதியில் நகரும் மாட்டு மந்தை, ஓரமாகக் குதிரையில் ரெண்டு பேர்]

1989-ஆம் வருஷ எம்மி விருது, அமெரிக்க டிவி நிகழ்ச்சிகளுக்குக் கொடுக்கற பெரிய விருது. 'லோன்சம் டவ்'ங்கிற நாலு பாக மினி சீரிஸுக்கு 18 பரிந்துரை. ராபர்ட் டுவால், டாமி லீ ஜோன்ஸ், ஆஞ்சலிக்கா ஹூஸ்டன், டயான் லேன், டேனி க்ளோவர், க்ளென் ஹெட்லினு ஆறு நடிகர்கள் பட்டியல்ல இருக்காங்க. கடைசியில கிடைச்சது ஏழு விருது. இந்த ஆறு பேர்ல ஒருத்தருக்கும் கிடைக்கல. சிறந்த மினி சீரிஸ் விருதைக்கூட இரண்டாம் உலகப் போரைப் பத்தின இன்னொரு பிரம்மாண்ட தொடர் தட்டிக்கிட்டுப் போயிடுச்சு.

அப்போ அந்த ஏழும் யாருக்குப் போச்சு? டைரக்ஷன், நடிகர் தேர்வு, உடை, மேக்கப், இசை, அப்புறம் ஒலிக்கு ரெண்டு. மொத்தமும் கேமராவுக்குப் பின்னாடி நின்னவங்களுக்கு. இன்னிக்கு இந்த சீரிஸைப் பத்திப் பேசறவங்க எல்லாரும் டுவால், ஜோன்ஸ் ரெண்டு பேரோட நிறுத்திக்கிறாங்க. எனக்கு என்னவோ அந்த எம்மி பட்டியல்தான் நியாயமா படுது. ஏன்னு சொல்றேன்.

[திரையில்: பழைய ஹாலிவுட் ஸ்டூடியோ வாசல்]

கதை 1970-கள் ஆரம்பத்துல தொடங்குது. எழுத்தாளர் லாரி மக்மர்ட்ரியும் டைரக்டர் பீட்டர் பொக்டனோவிச்சும் சேர்ந்து ஒரு வெஸ்டர்ன், அதாவது கௌபாய் கதைக்குத் திரைக்கதை எழுதறாங்க. ஜான் வெய்ன், ஜேம்ஸ் ஸ்டூவர்ட், ஹென்றி ஃபோண்டா மூணு பேரையும் மனசுல வச்சு எழுதினது. வெய்ன் முடியாதுன்னுட்டார். படம் அதோட நின்னுபோச்சு.

மக்மர்ட்ரி அந்தக் கதையைத் திரும்ப எடுத்து பெரிய நாவலா எழுதினார். தலைப்பு மட்டும் ரொம்ப நாளா கிடைக்கல. ஒருநாள் டெக்சாஸ்ல ஒரு தேவாலயத்தோட பஸ்ல 'லோன்சம் டவ்'னு எழுதியிருந்ததைப் பார்த்தார், அதையே வச்சுட்டார். புத்தகம் 1985-ல வந்துச்சு, 1986-ல அமெரிக்காவோட பெரிய இலக்கியப் பரிசான புலிட்சர் கிடைச்சுது.

பரிசு வந்தப்புறம் வாங்கியிருந்தா விலை எங்கேயோ போயிருக்கும். ஆனா புத்தகம் அச்சுக்குப் போறதுக்கு முன்னாடியே ஒருத்தர் 50,000 டாலருக்கு உரிமையை வாங்கி வச்சிருந்தார். அவர் சூசன் டி பாஸ். நியூயார்க் ஹார்லெம்ல வளர்ந்த கறுப்பினப் பெண். வேலை பார்த்தது மோடவுன் இசை நிறுவனத்துல. மைக்கேல் ஜாக்சன் பாடின ஜாக்சன் 5 குழு மேல வர்றதுக்குப் பின்னாடி இருந்தவங்கள்ல ஒருத்தர்.

அந்தச் சமயத்துல ஹாலிவுட்ல வெஸ்டர்னுக்கு மதிப்பே கிடையாது. 1980-ல ஒரு வெஸ்டர்ன் எடுத்து ஒரு ஸ்டூடியோவே ஆட்டம் கண்டிருந்துச்சு. மினி சீரிஸ் காலமும் முடிஞ்சுதுன்னு டிவிக்காரங்க பேசிக்கிட்டிருந்தாங்க. ரெண்டு செத்த குதிரையை ஒரே வண்டியில பூட்டின மாதிரி இருந்திருக்கும் பார்க்கறவங்களுக்கு. இருந்தாலும் சிபிஎஸ் சேனல் ஒத்துக்கிச்சு.

[திரையில்: டெக்சாஸ் வரைபடம், ரியோ கிராண்டே நதி]

திரைக்கதைக்கு வந்தவர் பில் விட்லிஃப். டெக்சாஸ்காரர், புகைப்படக் கலைஞரும்கூட. 800 பக்கத்துக்கு மேல ஓடற நாவல். கஸ், கால் (Call)னு வயசான ரெண்டு பேர், டெக்சாஸ் ரேஞ்சர்ங்கிற காவல் படையில முன்னாடி இருந்தவங்க, மெக்சிகோ எல்லையில இருந்து மொன்டானா வரைக்கும் மாடுகளை ஓட்டிக்கிட்டுப் போறாங்க. இதை ஆறு மணி நேரச் சொச்சத்துக்குள்ள அடக்கணும். அவர் செஞ்ச நல்ல காரியம், சும்மா வம்பு பேசற இடங்களை வெட்டாம விட்டது. முதல் பாகம் முழுக்க திண்ணைப் பேச்சுதான். கஸ் வாய் ஓயாம பேசறார், கால் பதில் சொல்லாம எழுந்து போறார். மாடு ஒண்ணு நகர்றதுக்குள்ள இந்த ரெண்டு பேரையும் நமக்கு முப்பது வருஷமா தெரிஞ்ச மாதிரி ஆயிடுது.

இப்போ நடிகர் தேர்வு. லின் க்ரெஸல்ங்கிறவங்களுக்கு எம்மி வாங்கிக் கொடுத்த வேலை இது. டுவாலுக்கு முதல்ல வந்தது கால் வேஷம். பேசாம, சிரிக்காம, உள்ளுக்குள்ளயே எல்லாத்தையும் வச்சுக்கிற ஆள். அவர் அதுவரைக்கும் பண்ணின அமைதியான வேஷங்களைப் பார்த்தா யாருக்கும் அதுதான் தோணும். அவரோ எனக்கு கஸ் வேணும்னு நின்னார். கஸ் வேஷத்துக்கு ஜேம்ஸ் கார்னர் பேர் அடிபட்டுக்கிட்டிருந்துச்சு. உடல்நிலை காரணமா கார்னர் விலக, டுவால் உள்ள வந்தார். கால் வேஷம் டாமி லீ ஜோன்ஸுக்குப் போச்சு.

ஜோன்ஸ் டெக்சாஸ்ல சான் சபாங்கிற ஊர்ல பிறந்தவர், குதிரை ஏறத் தெரிஞ்சவர். அப்போ அவருக்கு நாற்பத்திச் சொச்சம்தான் வயசு. திரையில பார்க்கறது நரைச்ச தாடியோட ஒரு கிழவர். இங்கதான் மேக்கப் விருது யாருக்குப் போகணுமோ அங்க போயிருக்குன்னு புரியுது. அந்தக் குழுவுல இருந்த இத்தாலியர் மன்லியோ ரொக்கெட்டி, அதுக்கடுத்த வருஷம் ஒரு நடிகைக்கு வயசேத்தின வேலைக்காக ஆஸ்கரும் வாங்கினார்.

டுவால் கஸ்ஸோட கையசைவுகளுக்கு ஆள் தேடி, டெக்சாஸ்ல இருந்த பழைய கால்பந்து வீரர் சாமி பாவைப் போய்ப் பார்த்துப் பேசி, அவர்கிட்ட இருந்து எடுத்துக்கிட்டார். நான் சொல்றது அமெரிக்கக் கால்பந்து. கஸ் பேசும்போது விரல் காத்துல கோலம் போடும், பாருங்க, அதுல அவர் பங்கு உண்டு.

[திரையில்: குதிரைகள் ஆற்றைக் கடக்கும் காட்சி]

டைரக்டர் சைமன் வின்சர் ஒரு ஆஸ்திரேலியர். டெக்சாஸ் கதைக்கு ஆஸ்திரேலியாக்காரரான்னு தோணலாம். அவர் அதுக்கு முன்னாடி எடுத்த படங்கள்ல ஒண்ணு ஒரு பந்தயக் குதிரையைப் பத்தினது, இன்னொண்ணு முதல் உலகப் போர் குதிரைப்படையைப் பத்தினது. நூத்துக்கணக்கான குதிரையையும் மாட்டையும் ஒரே ஃப்ரேமுக்குள்ள கொண்டுவரத் தெரிஞ்ச ஆள் வேணும்னா, வேற எங்க தேடறது? கேமராமேன் டக்ளஸ் மில்சம் இங்கிலாந்துக்காரர். எல்லை ஊரை டெல் ரியோ பக்கத்துல ஒரு பண்ணையில செட் போட்டாங்க. வடக்குப் பகுதிக் காட்சிகளுக்கு நியூ மெக்சிகோ போனாங்க.

இசை பேசில் பொலெடூரிஸ். உடைக்கு வான் பிராட்டன் ராம்சே. அந்தத் தொப்பிகளைக் கொஞ்சம் கவனிங்க. புதுத் தொப்பி போட்டவனை இந்த சீரிஸ்ல பார்த்த உடனே சந்தேகப்படலாம்.

[திரையில்: "இதுக்கப்புறம் கதையின் முக்கிய மரணங்கள் பற்றிப் பேசுகிறோம்"]

டீட்ஸ் வேஷத்துல டேனி க்ளோவர். மந்தைக்கு முன்னாடி போய் தண்ணியும் வழியும் தேடற ஆள். இதுக்கு மூலம் நிஜமா வாழ்ந்த ஒருத்தர். சார்லஸ் குட்நைட், ஆலிவர் லவிங்னு ரெண்டு பேர் 1866-ல டெக்சாஸ்ல இருந்து மாட்டு மந்தை ஓட்டிக்கிட்டுப் போனாங்க. அவங்களோட இருந்தவர் போஸ் ஐகார்ட், அடிமையாப் பிறந்த கறுப்பினத்தவர். அவர் இறந்தப்போ கல்லறைக்கு குட்நைட் கல் வச்சார். அதுல அவரோட நடத்தையைப் புகழ்ந்து எழுதின வரிகளைத்தான், கொஞ்சம் மாத்தி, டீட்ஸ் கல்லறைப் பலகையில கால் தன்னோட கத்தியால செதுக்கறார். ரெண்டு வார்த்தை சேர்ந்தாப்ல பேசாத மனுஷன், அவ்வளவு நீளமா செதுக்கறார்.

கஸ்ஸோட உடலை கால் டெக்சாஸுக்கே தூக்கிக்கிட்டு வர்றதும் இந்த குட்நைட், லவிங் நிஜக் கதையில இருந்து வந்ததுதான். லவிங் 1867-ல காயத்தால நியூ மெக்சிகோவுல இறந்தார். குட்நைட் உடலை டெக்சாஸுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

ஒரு குறையையும் சொல்லணும். இந்த மண்ணுக்குச் சொந்தக்காரங்களான பூர்வகுடி மக்கள் இதுல பெரும்பாலும் தூரத்து ஆபத்தா மட்டும்தான் வர்றாங்க. முக்கிய வில்லன் ப்ளூ டக் கலப்பு வம்சத்துக் கொள்ளைக்காரன். அந்த வேஷம் வெள்ளைக்காரரான ஃபிரெட்ரிக் ஃபாரஸ்ட் கைக்குப் போச்சு. நல்ல நடிகர்தான், ஆனா அந்தத் தேர்வு இன்னிக்குப் பார்க்க உறுத்துது. க்ரெஸலோட பட்டியல்ல நான் கேள்வி கேட்கற ஒரே இடம் இது. அதே பட்டியல்லதான் அப்போ பெரிசா யாருக்கும் தெரியாத கிறிஸ் கூப்பரும், ரொம்பச் சின்ன வேஷத்துல ஸ்டீவ் புஷெமியும் இருக்காங்க.

[திரையில்: 1990-களின் தொலைக்காட்சிப் பெட்டி]

1989 பிப்ரவரியில நாலு ராத்திரி ஓடின உடனே வெஸ்டர்னுக்கு மறுபடியும் மவுசு வந்துச்சு. 1993-ல ஒரு தொடர்ச்சி எடுத்தாங்க, டுவாலும் இல்ல, ஜோன்ஸும் இல்ல, மக்மர்ட்ரியும் இல்ல. ஜான் வாய்ட் கால் வேஷம் போட்டார். அதை விட்டுடலாம். 1995-ல மக்மர்ட்ரியோட அடுத்த நாவலை எடுத்தப்போ வயசான கால் வேஷத்துக்கு வந்தவர் யார் தெரியுமா? கஸ் வேஷத்தை விட்ட அதே ஜேம்ஸ் கார்னர். அது பார்க்கலாம்.

படப்பிடிப்புல பயன்படுத்தின உடைகள், பொருட்கள் எல்லாம் டெக்சாஸ்ல சான் மார்கஸ் ஊர்ப் பல்கலைக்கழகத்துல விட்லிஃப் பேர்ல இருக்கிற சேகரிப்புல இருக்கு. கஸ்ஸோட பிணமா பயன்படுத்தின பொம்மைகூட அங்கதான். முதல் தடவை பார்க்கறவங்களுக்கு ஒண்ணு மட்டும்: முதல் பாகம் மெதுவா போகுதேன்னு ஓட்டிப் பார்க்காதீங்க. பன்றி வர்ற காட்சியில இருந்தே உட்காருங்க.