மூன்று விரல் படிப்பு

அனைவருக்கும் வணக்கம்.

"சீன வைத்தியம்தான் உங்கள் வழி என்று எப்போது தெரிந்தது?" இங்கே பேசக் கூப்பிட்டவர்கள் என்னிடம் கேட்ட கேள்வி இது. சிங்கப்பூரில் ஒரு தமிழர் இந்தத் தொழிலில் இருந்தால் எல்லோரும் கேட்பதுதான். என் கதைக்கு முன்னால் இன்னொருவர் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

அவர் பெயர் லீ ஷிசென். 1518இல் சீனாவின் ஹூபெய் மாநிலத்தில், யாங்சே ஆற்றங்கரை ஊர் ஒன்றில் பிறந்தவர். தாத்தா கையில் மணியை ஆட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் மருந்து கொடுத்தவர். அந்தக் காலத்தில் அதற்குப் பெரிய மரியாதை கிடையாது. அப்பாவும் வைத்தியர்தான், நல்ல பெயர் எடுத்தவர். ஆனாலும் மகன் அரசாங்கத் தேர்வு எழுதி அதிகாரியாக வேண்டும் என்று ஆசைப்பட்டார். நமக்குத் தெரியாத கதையா இது? "நான் பட்ட பாடு போதும், நீயாவது படித்து உத்தியோகத்துக்குப் போ" என்று சொல்லாத தகப்பன் எந்த ஊரில் இருக்கிறார்?

பையன் 14 வயதில் முதல் படியைத் தாண்டிவிட்டார். அடுத்த படியான மாநிலத் தேர்வில் மூன்று தடவை தோற்றார். அப்புறம்தான் அப்பாவிடம் போய், வைத்தியம் கற்றுக்கொடுங்கள் என்று நின்றார். சின்ன வயதிலிருந்து அந்த மருந்து வாசனையில்தான் அவர் தூங்கி எழுந்திருக்கிறார். அது தன் தொழில் என்று புரிய மூன்று தோல்வி தேவைப்பட்டது. தேர்வில் தோற்றுவிட்டு என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் நான் அனுப்புவதில்லை.

அவர் வேலை செய்த விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பழைய நூல் ஒன்றில், அழுங்கு, அதாவது எறும்புதின்னி, தன் செதிலை விரித்து எறும்புகளை உள்ளே விட்டு மூடிக்கொள்ளும், அப்புறம் தண்ணீரில் இறங்கிச் செதிலைத் திறந்து அவற்றைத் தின்னும் என்று இருந்தது. லீ ஷிசென் ஓர் அழுங்கின் வயிற்றை அறுத்தே பார்த்தார். உள்ளே ஒரு படி அளவுக்கு எறும்பு இருந்தது என்று எழுதிவைத்தார். (அதே அழுங்கின் செதிலை மருந்தென்று சொல்லி அந்த இனத்தையே அழிக்கப் பார்த்ததும் நம் தொழில்தான். சீன அரசின் மருந்து நூல் 2020 பதிப்பில் அதை நீக்கிவிட்டது. எவ்வளவோ முன்பே செய்திருக்க வேண்டும்.)

இன்னொன்று, நம் ஊர் ஊமத்தை. அந்தப் பூவைச் சிரித்துக்கொண்டே பறித்து மதுவில் போட்டுக் குடித்தால் சிரிப்பு வரும், ஆடிக்கொண்டே பறித்தால் ஆட்டம் வரும் என்று ஊரில் பேச்சு. அவர் தானே குடித்துப் பார்த்தார். பாதி போதை ஏறிய பிறகு பக்கத்தில் யாராவது சிரித்தாலோ ஆடினாலோதான் அது பலிக்கிறது என்று கண்டு எழுதினார். ஊமத்தை விஷம், தயவுசெய்து யாரும் இதைச் செய்துபார்க்க வேண்டாம். பாதரசம் சாப்பிட்டால் சாவில்லை என்றவர்களையும் அவர் விடவில்லை. அதை நம்பிச் செத்தவர்களுக்குக் கணக்கே இல்லை என்று கோபமாகவே எழுதினார். மரபை மதிக்கிறவன் இப்படித்தான் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

இப்படி 27 வருஷம், சுமார் 800 நூல்களைப் படித்து, மூன்று முறை திருத்தி எழுதி, 1,892 மருந்துப் பொருள்கள் கொண்ட 'பென்சாவ் காங்மு' என்ற பெருநூலை முடித்தார். அது 1596இல் நான்ஜிங்கில் அச்சாகி வந்தது. அவர் 1593லேயே போய்விட்டார்.

சரி, என் கதை. அவரே 1564இல் நாடி பற்றி ஒரு சின்ன நூல் எழுதினார், பாட்டாக மனப்பாடம் செய்கிற மாதிரி. மிதக்கும் நாடி, தண்ணீரில் கிடக்கும் கட்டை. வழுக்கும் நாடி, தட்டில் உருளும் முத்து. சொரசொரப்பான நாடி, சின்னக் கத்தியால் மூங்கிலைச் சுரண்டுவது. எல்லாம் சீனத்தில் எனக்குத் தலைகீழாகப் பாடம். ஆனால் விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. யார் கையைப் பிடித்தாலும் ஒரே துடிப்பு. என் லாவ்ஷி, அதாவது ஆசிரியர், "இன்னும் நூறு பேர் கையைப் பிடி" என்பார். நூறு முடிந்தால் இன்னொரு நூறு.

வீட்டில் பாட்டிதான் கை கொடுத்தார். ஊரில் சித்த வைத்தியரைப் பார்த்து வளர்ந்தவர். நான் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்ததும், "வாதம், பித்தம், கபம்... தெரியுதாடா?" என்பார். நாங்கள் அந்த மூன்று இடத்தையும் வேறு மாதிரி படிக்கிறோம் பாட்டி என்று சொன்னால், "விரல் மூணுதானே" என்பார். ஆறு மாதம் சாயங்காலம் தவறாமல் அந்த மெலிந்த கையைப் பிடித்தேன். ஒருநாள் விரலை லேசாக வைத்த உடனே துடிப்பு மேலே நின்றது. அழுத்தினால் தளர்ந்தது, விட்டால் திரும்ப வந்து தொட்டது. கட்டை மிதந்தது! "பாட்டி, உடம்பு சரியில்லையா?" என்றேன். "காலையிலிருந்து குளிருதுடா, யாரிடமும் சொல்லவில்லை" என்றார். அன்று ராத்திரி காய்ச்சல் வந்தது.

அந்த நிமிஷத்துக்கு அப்புறம் வேறு வேலையைப் பற்றி நான் யோசிக்கவில்லை. ஆனால் அதுவே எனக்குப் பயத்தையும் கொடுத்தது. ஒருமுறை சரியாகச் சொன்னவன் மறுமுறை தப்பாகச் சொல்லலாம். இன்றைக்கும் யாராவது நெஞ்சு வலி என்று வந்தால் நாடி பிடித்துக்கொண்டு உட்கார மாட்டேன், முதலில் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழைப்பேன்.

இந்தப் படிப்புக்கு வரலாமா என்று யோசிக்கிறவர்கள் நாலைந்து பேர் இங்கே இருப்பதாகச் சொன்னார்கள். கூட்டம் முடிந்ததும் நான் அந்தக் கதவுப் பக்கம் உட்கார்ந்திருப்பேன். வாருங்கள், என் கையைத் தருகிறேன். மூன்று விரலை வைத்துப் பாருங்கள், அவசரம் இல்லை.