உக்கிராணக்காரன் ஏரஸ்து எங்கள் அணி

நடுவர் அவர்களே, வணக்கம். ஒரு நகரத்துக்குக் கிறிஸ்தவ விசுவாசம் செய்யும் பெரிய தொண்டு திருச்சபை நடத்தும் நிறுவனங்களா, விசுவாசியின் அன்றாட வேலையா? இதுதான் கேள்வி. அன்றாட வேலைதான் என்பது எங்கள் அணி. எதிரணித் தலைவர் மருத்துவமனை, பள்ளி என்று வரிசையாக அடுக்கினார். "தனி ஆள் எத்தனை நாளைக்கு? கட்டடம்தானே நிற்கும்!" என்று முடித்தார். அரங்கமே கைதட்டியது. நானும் தட்டினேன், பழக்க தோஷம்.

சரி, ஒரு கடிதத்திலிருந்து தொடங்குகிறேன். கி.மு. 597-இல் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்குத் தீர்க்கதரிசி எரேமியா எழுதியது. இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பிவிடலாம் என்று அனனியா என்ற கள்ளத் தீர்க்கதரிசி சொல்லிக்கொண்டிருந்தான். எரேமியாவோ 70 வருஷம் என்றார். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபம் பண்ணுங்கள் என்று எழுதினார். தங்களைப் பிடித்துக்கொண்டு போனவனுடைய ஊர், நடுவர் அவர்களே! அதன் நலனுக்காக ஜெபிக்கச் சொல்கிறார். ஆனால் அறக்கட்டளை தொடங்கச் சொல்லி ஒரு வரி உண்டா? கைதியாய்ப் போனவன் எந்த அலுவலகத்தில் போய் டிரஸ்ட் பதிவு செய்வான்? அங்கே ஒழுங்காகக் குடியிருப்பதே அவனுக்கு ஊழியம்.

அப்புறம் சகேயு. எரிகோ ஊரில் வரி வசூலிக்கும் ஆயக்காரர்களுக்குத் தலைவன், பெரிய பணக்காரன். இயேசு வீட்டுக்கு வந்ததும், சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றி வாங்கியிருந்தால் நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்கிறான். அவன் வேலையை விட்டதாக லூக்கா எழுதவில்லை. ஆயக்காரராக இருந்து இயேசுவின் சீடரான மத்தேயு விட்டாரே என்று எதிரணியில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. விட்டார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஞானஸ்நானம் பெற வந்த ஆயக்காரர்களிடம் யோவான் ஸ்நானகர் என்ன சொன்னார்? விதித்ததற்கு மேல் வாங்காதே என்றார். ராஜினாமா செய் என்று சொல்லவில்லை. ஒரு நகரத்துக்கு, லஞ்சம் வாங்காத ஒரு வரி அதிகாரியைவிடப் பெரிய தர்மம் எது?

கட்டடம்தான் நிற்கும் என்றாரே, அதற்கு வருகிறேன். மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சந்திரியாவில் கொள்ளைநோய். அன்று திருச்சபைக்கு மருத்துவமனை கிடையாது. ரோமப் பேரரசு கிறிஸ்தவத்துக்கு அனுமதி கொடுத்த கி.பி. 313-க்கு முன்னால் நிம்மதியாகக் கூடுவதே பெரும்பாடு. ஆனாலும் கிறிஸ்தவர்கள் நோயாளிகளைப் பக்கத்திலிருந்து கவனித்தார்கள், பலர் அதே நோயைத் தாங்களும் வாங்கிக்கொண்டு செத்தார்கள் என்று அந்த ஊர் ஆயர் தியோனிசியு எழுதிய கடிதம் நமக்குக் கிடைத்திருக்கிறது. கப்பதோக்கியா நாட்டுச் செசரியாவில் ஆயர் பசிலியு நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் பெரிய இல்லம் கட்டியது அதற்கும் நூறு வருஷத்துக்குப் பிறகு, கி.பி. 370 வாக்கில். அருமையான காரியம், மறுக்கவில்லை. ஆனால் வரிசையைக் கவனியுங்கள். முதலில் பக்கத்து வீட்டுக்காரன் வந்தான், பின்னால்தான் கட்டடம் வந்தது. அந்தக் கட்டடத்திலும் ராத்திரி இரண்டு மணிக்கு நோயாளி கூப்பிட்டால் எழுந்து வருவது நிர்வாகக் குழு அல்ல, ஒரு நர்ஸ். அவர் முகம் சுளித்தால் வாசலில் எழுதியிருக்கும் வசனத்தால் என்ன பயன்?

கடைசியாக எங்கள் அணியின் ஆளைக் காட்டிவிடுகிறேன். பவுல் ரோமருக்கு எழுதிய கடிதத்தின் முடிவில் "பட்டணத்து உக்கிராணக்காரனாகிய ஏரஸ்து" வாழ்த்துச் சொல்கிறான். ஊரின் பொக்கிஷக் கணக்கைப் பார்க்கிறவன். அவன் விசுவாசியாகவும் இருந்தான், அந்த வேலையிலும் இருந்தான். எழுதிய பவுலோ கொரிந்து பட்டணத்தில் ஆக்கில்லா என்ற தொழிலாளியோடு கூடாரம் தைத்துப் பிழைத்தவர். ரோமர் கடிதத்தின் அந்தக் கடைசி அதிகாரத்தில் பெபேயாள் முதல் குவர்த்து வரை எத்தனையோ பெயர்கள். சபை கூடியதுகூட ஒரு வீட்டில்தான். அந்தப் பட்டியலில் ஒரே ஒரு நிறுவனத்தின் பெயரை எதிரணித் தலைவர் எழுந்து வாசிக்கட்டும், நான் இப்போதே அவர் பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.