முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு மறுபடி ஓட்டம்

நேயர்களுக்கு வணக்கம். முட்டியில் ஆபரேஷன் முடிந்த ஓட்டக்காரர்கள் முதலில் கேட்பது, "எத்தனை மாசத்தில் ஓடலாம்?" என்றுதான். அது என்ன ஆபரேஷன் என்பதைப் பொறுத்தது. மெனிஸ்கஸில், அதாவது முட்டிக்குள் மெத்தை போல இருக்கும் குருத்தெலும்பில், கிழிந்த துணுக்கை மட்டும் வெட்டி எடுத்திருந்தால் பெரும்பாலும் 6 முதல் 8 வாரம். அதையே தைத்திருந்தால் 4 முதல் 6 மாதம். முட்டியை நழுவாமல் பிடித்திருக்கும் ஏசிஎல் ஜவ்வுக்குப் பதிலாகப் புது நார் வைத்திருந்தால் 3 முதல் 4 மாதம்; அதுவும் நேராக ஓடும் மெதுவோட்டம் மட்டும். சட்டென்று திரும்பி ஓடும் விளையாட்டுகளுக்கு 9 மாதமாவது ஆகட்டும்.

இவை "அதற்கு முன்னால் வேண்டாம்" என்கிற கணக்குகள்தாம். நாள் வந்துவிட்டதாலேயே முட்டி தயாராகிவிடாது. ஏசிஎல்லுக்கு வைத்த நார், வைத்த அன்று இருந்த பலத்தை முதல் சில வாரங்களில் இழக்கிறது. பிறகுதான் புது ரத்தக்குழாய் ஓடி, மெல்ல மெல்ல ஜவ்வாக மாறுகிறது. இரண்டாம் மாதம் வலி போய், நடை சரியாகி, "நல்லாத்தானே இருக்கு" என்று தோன்றும். நார் நலிந்திருப்பதும் அந்தச் சமயத்தில்தான்.

முதலில் நீர் கோத்திருக்கிறதா என்று பாருங்கள். காலை நீட்டி உட்கார்ந்து தொடையைத் தளர விடுங்கள். முட்டிச்சில்லுக்கு உட்புறம் உள்ள குழியை, கீழிருந்து தொடைப் பக்கமாக இரண்டு மூன்று முறை கையால் வழித்து விடுங்கள். அப்புறம் வெளிப்புறத்தில் மேலிருந்து கீழே ஒருமுறை வழியுங்கள். உட்புறக் குழி மெல்லப் புடைத்து வந்தால் உள்ளே நீர் இருக்கிறது, ஓடக் கூடாது. கொஞ்சம் நீர் இருந்தாலே தொடையின் முன்தசைக்கு நரம்பு வழியே போகும் தூண்டல் மட்டுப்பட்டுவிடும். ஓட்டத்தில் ஒவ்வொரு அடியும் உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு விசையோடு தரையில் விழுகிறது. தசை தாங்காவிட்டால் அத்தனையும் மூட்டுக்குள்தான் இறங்கும்.

நீர் இல்லையென்றால் மற்றவற்றைப் பாருங்கள். முட்டி மற்றக் காலைப் போல முழுசாக நீள வேண்டும். விந்தாமல் 30 நிமிடம் வேகமாக நடக்க முடிய வேண்டும். ஒற்றைக் காலில் நின்று குதிகாலை 20 முறை தூக்கி இறக்க வேண்டும். ஒற்றைக் காலில் பாதி உட்கார்ந்து எழுவது 10 முறை; முட்டி உள்பக்கம் சாய்ந்தால் அது கணக்கில் சேராது.

இதெல்லாம் தேறிவிட்டால், 1 நிமிடம் ஓட்டம், 4 நிமிடம் நடை. இப்படி 5 சுற்று, சமதரையில், ஒருநாள் விட்டு ஒருநாள். இரண்டு முறை தொந்தரவில்லாமல் முடிந்தால் 2 நிமிடம் ஓட்டம், 3 நிமிடம் நடை. நேரத்தைக் கூட்டும் வாரத்தில் வேகத்தைக் கூட்டாதீர்கள். இறக்கத்தில் ஓடுவது கடைசியில் வரட்டும். அங்கே தொடைத்தசைதான் பிரேக் பிடிக்கிறது. எட்டி வைக்காமல் குறுக்கி வையுங்கள். நிமிடத்துக்கு 160 அடி வைக்கிறவர் 170 வைத்தால் முட்டிக்குப் பாரம் குறையும். ஓடும்போது காது கொடுத்துக் கேளுங்கள்: ஒரு கால் மெத்தென்றும் மற்றது பொத்தென்றும் விழுந்தால் நல்ல கால்தான் வேலை செய்கிறது. அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள்.

பத்துக்கு இரண்டு அளவு வலி பொறுக்கத்தக்கது, மறுநாள் காலைக்குள் அடங்கினால். எழுந்ததும் அந்தக் குழியை மறுபடி வழித்துப் பாருங்கள். புடைத்தால் இரண்டு நாள் ஓய்வு, பிறகு ஒரு படி கீழே இறங்கித் தொடங்குங்கள். வாரம் இரண்டு மூன்று நாள் தொடைப் பயிற்சியைக் கட்டாயம் தொடருங்கள். ஓட்டம் வந்ததும் பலர் அதைத்தான் கைவிடுகிறார்கள்.

முட்டி நழுவுவது, மடக்கினால் பூட்டிக்கொள்வது, கெண்டைக்கால் வீங்கி வலிப்பது, காய்ச்சலோடு முட்டி சுடுவது, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். வணக்கம்.