ஏழையென நின்ற ஈசன் மகன்

நேயர்களுக்கு வணக்கம்.

திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில், 1827-இல் ஒரு வைணவக் குடும்பத்தில் பிறந்தவர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை. கம்பராமாயணத்தில் ஊறி வளர்ந்தவர். சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்தார். 1858-இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றுக் கிறிஸ்தவரானார். அவர் பாடிய இரட்சணிய யாத்திரிகம் என்ற காப்பியத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். ஐந்து பருவங்கள், 3700-க்கும் மேற்பட்ட பாடல்கள். 1894-இல் நூலாக வந்தது.

அதன் மூலக்கதை இங்கிலாந்துக்காரர் ஜான் பனியன் 1678-இல் வெளியிட்டது. பாவச்சுமையை முதுகில் சுமந்துகொண்டு ஒருவன் மோட்ச நகரத்துக்கு நடக்கிறான். சிலுவையருகே வந்ததும் சுமை தானாகக் கழன்று உருண்டு போகிறது. பனியன் அந்த இடத்தைச் சுருக்கமாகச் சொல்லி மேலே போய்விடுகிறார். நம் கவிஞருக்கு அது போதவில்லை. அந்தச் சுமை விழுவதற்கு யார் என்ன பாடுபட்டார் என்பதை விரித்துப் பாடுகிறார். என்னைக் கேட்டால் காப்பியத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

இயேசுவைப் பிடித்துக் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். அவர் அசையாமல் நிற்கிறார். கட்டியது கயிறு என்று நினைக்காதீர்கள் என்கிறார் கிருஷ்ணபிள்ளை. தம்மைப் பகைத்த மனிதர்களை நினைத்து உருகும் அன்புதான் அவரைப் பிணித்திருக்கிறது. அதை அறுக்க அவருக்கே வழியில்லை. 'ஈசன் மகன் நின்றனர் ஓர் ஏழையென ஒல்கி.' எத்தனை முறை வாசித்தாலும் இந்த அடியில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

கிறிஸ்து 'தம்மைத்தாமே வெறுமையாக்கி' வந்தார் என்று அப்போஸ்தலர் பவுல் பிலிப்பி ஊர்ச் சபையாருக்கு எழுதினார். கடவுள் எப்படித் தம் வல்லமையை விட முடியும் என்று இறையியலார் பல நூற்றாண்டுகளாக வாதாடியிருக்கிறார்கள். இந்தப் பாட்டில் வல்லமை எங்கும் போகவில்லை. அன்பு அதன் கையைக் கட்டிவிட்டது, அவ்வளவுதான்.

பார்த்துநின்ற ஜனங்களுக்குப் பொறுக்கவில்லை. பூமி வெடிக்கவில்லையே, வானம் இடிந்து விழவில்லையே, கடல் வற்றவில்லையே என்று பதைக்கிறார்கள். அநியாயத்தைக் கண்டால் நம் ஊர்க்காரர்களும் இப்படித்தானே வயிறெரிவார்கள்! ஆனால் அடிபட்டவரோ, உடம்பெல்லாம் கிழிந்த பிறகும், இவர்கள் அறியாமல் செய்கிற பிழையை மன்னியும் என்று வேண்டுகிறார். பிழையைப் பிழை என்று சொல்லித்தான் மன்னிப்புக் கேட்கிறார். அதை மூடி மறைக்கவில்லை.

தாமிரபரணிக் கரையில் வீம்பும் பழிக்குப் பழியும் எத்தனை குடும்பங்களைக் குலைத்தன என்று உங்களுக்குத் தெரியும். பொறுத்துப்போகிறவனைக் கையாலாகாதவன் என்பது ஊர்ப்பேச்சு. திருப்பி அடிக்க முடிந்தவர்தான் பொறுத்து நிற்கிறார் என்று இந்த மண்ணில் பிறந்தவரே பாடிவைத்திருக்கிறார். அதை நாம் பள்ளிப்பாடத்தோடு விட்டுவிட்டோமே என்பதுதான் என் ஆதங்கம்.

பெரிய வெள்ளியன்று தேவாலயங்களில் பன்னிரண்டு மணி முதல் மூன்று மணி வரை, சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளைத் தியானிக்கிறோம். முதல் வார்த்தையே மன்னிப்புதான். அந்த நேரத்தில் யாராவது ஒருவர் எழுந்து, கிருஷ்ணபிள்ளையின் பாட்டில் நாலைந்தை நிறுத்தி நிதானமாக, சந்தம் கெடாமல் வாசிக்கட்டும். பொருள் புரியாத பிள்ளைகளுக்குத் தமிழ் படித்த பெரியவர்கள் சொல்லிக்கொடுக்கலாம்.

நன்றி, வணக்கம்.