கடவுளின் அன்பை மறுக்க முடியுமா? ஒரு பூனை, ஒரு குரங்கு, ஒரு பெரிய சண்டை

(திரையில்: யானைமலை)

வணக்கம். மதுரையிலிருந்து மேலூர் சாலையில் ஒத்தக்கடையைக் கடந்தவர்கள் எல்லோரும் யானைமலையைப் பார்த்திருப்பீர்கள். அதன் அருகிலுள்ள கொடிக்குளத்தில்தான், 14ஆம் நூற்றாண்டில் டெல்லிப் படை திருவரங்கத்தைத் தாக்கியபோது அக்கோயிலின் உற்சவரான நம்பெருமாளுடன் தெற்கே வந்த வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாசாரியர் பரமபதம் அடைந்தார் என்பது வைணவ மரபு. கிறிஸ்தவ நம்பிக்கையைப் பற்றிய வீடியோவில் வைணவ ஆசாரியருக்கு என்ன வேலை என்று நகர்ந்துவிடாதீர்கள். கடவுளின் அருளைப் பெறுவதில் மனிதனுக்குப் பங்கு உண்டா என்று, அவரைப் போற்றும் தென்கலை வைணவரும் எதிர்ப்பக்கத்து வடகலை வைணவரும் வாதிட்டார்கள்; அதைப் போன்ற ஒரு கேள்விக்காக நெதர்லாந்து இரண்டுபட்டது. அரசியல் பகையும் கலந்துகொள்ள, ஓல்டன்பார்னவெல்ட் என்னும் முதுபெரும் தலைவர் 1619இல் தலை வெட்டப்பட்டார்.

பின்னணியை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். கடவுளின் சித்தமே நிறைவேறும் என்றும், அவர் அன்பாகவே இருக்கிறார் என்றும் நெதர்லாந்தின் இரு தரப்பாரும் நம்பினார்கள். இரட்சிக்கப்படுவோரைக் கடவுளே முன்குறித்தார், அதாவது முன்னதாகவே தேர்ந்தெடுத்தார் என்று சீர்திருத்தத் தலைவர் கால்வின் வழியினர் சொல்ல, கடவுள் தரும் கிருபையை மனிதன் மறுக்கவும் முடியும் என்று டச்சு இறையியலாளர் அர்மீனியுஸ் வழியினர் சொல்ல, 1618–19இல் நெதர்லாந்தின் தோர்த் நகரில் கூடிய திருச்சபைச் சங்கம் பின்னவர்களைத் தள்ளியது.

(திரையில்: பூனைக்குட்டி, குரங்குக்குட்டி)

இனி எனக்குப் பிடித்த இடத்துக்கு வருவோம். பூனைக்குட்டி ஒன்றும் செய்வதில்லை. தாயே அதைக் கவ்வித் தூக்கிச் செல்கிறது. குரங்குக்குட்டியோ தாயின் வயிற்றைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும். தென்கலைக்குப் பூனை, வடகலைக்குக் குரங்கு என்பது நம்மூரில் பழகிய விளக்கம். அப்படியே கால்வினைப் பூனைப் பக்கமும் அர்மீனியுஸைக் குரங்குப் பக்கமும் நிறுத்திவிடலாம் என்றுதான் தோன்றும். ஆனால், விழுந்துபோன மனிதனால் கிருபை முந்திக்கொள்ளாமல் கடவுளை நோக்கி ஓர் அடிகூட வைக்க இயலாது என்று அர்மீனியுஸும் கற்பித்தார். அவருடைய குரங்குக்குட்டிக்குப் பற்றும் கையையே தாய்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது. மறுபக்கத்தில், கிருபை மனிதரை மரக்கட்டைகளைப் போல நடத்துவதில்லை, அவர்களுடைய சித்தத்தை அழிப்பதுமில்லை என்று தோர்த் சங்கமே எழுதிவைத்தது. ஆகவே கால்வினின் பூனைக்குட்டி விருப்பத்தோடுதான் போகிறது, அந்த விருப்பத்தை உண்டாக்கியவரும் கடவுளே.

அப்படியானால் மிச்சமிருக்கும் வழக்கு, முதலில் பற்றியது யார் என்பதைப் பற்றியதன்று; தூக்க வரும் தாயிடமிருந்து குட்டி விலகிக்கொள்ள முடியுமா என்பதைப் பற்றியது. முடியும் என்றால், சர்வவல்லவரின் அன்பு ஒரு மனிதனிடம் தோற்கக்கூடும். முடியாது என்றால், தூக்கப்படாமல் கிடக்கும் மற்றக் குட்டிகளுக்கு என்ன பதில்? 'யாக்கோபைச் சிநேகித்தேன், ஏசாவை வெறுத்தேன்' என்ற வசனத்தை ரோமர் 9ஆம் அதிகாரத்தில் எடுத்துக்காட்டும் அதே பவுலின் பெயரால் வந்த முதலாம் தீமோத்தேயு நிருபம், எல்லா மனுஷரும் இரட்சிக்கப்பட வேண்டும் என்பது கடவுளின் சித்தம் என்கிறது. என் மனச்சாய்வு அர்மீனியுஸ் பக்கமே. ஆயினும் துன்பத்தில் கிடப்பவருக்கு, தன் பிடி நழுவினாலும் கடவுளின் பிடி நழுவாது என்ற கால்வின் வழியினரின் சொல்லே அதிக ஆறுதல் தரும் என்பதை மறுக்க மாட்டேன்.

(திரையில்: மதுரை வரைபடம்)

நம் ஊரில் இந்தச் சண்டை என்ன ஆயிற்று? 1834இல் மதுரையில் பணி தொடங்கிய அமெரிக்க மிஷன், கால்வின் மரபில் வேரூன்றிய, ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே ஆளும் காங்கிரிகேஷனல் சபையாருடையது. வெஸ்லியின் மெதடிஸ்டுகளோ அர்மீனியுஸின் பக்கம். இந்த இரண்டு மரபுகளும் ஆங்கிலிக்கன் சபையோடு சேர்ந்து 1947இல் தென்னிந்தியத் திருச்சபை ஆயின. 1919இல் தரங்கம்பாடியில் தொடங்கிய அந்த இணைப்புப் பேச்சு ஏறத்தாழ 28 ஆண்டுகள் இழுத்ததற்கு முன்குறித்தல் காரணமன்று. பேராயர் வேண்டுமா, அவருக்கு என்ன அதிகாரம் என்பதுதான் பெரிய இழுபறி! உங்கள் சபையில் ரோமர் 9ஆம் அதிகாரத்தை எப்படிப் பிரசங்கிக்கிறார்கள் என்று கருத்துப் பகுதியில் எழுதுங்கள்.